நண்டின் கண்காம்பு

பெங்களூரில் சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட் மீன் கடைகளுக்குச் சென்று வருகிற தமிழன்பர்களுக்கு நண்டும் இறாலும் புதிய சரக்கு அல்ல. கடலிலிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் உள்நாட்டில், கடல் மட்டத்திற்குத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரத்திற்குக் கீழைக் கடற்கரையிலிருந்தும் மேலைக் கடற்கரையிலிருந்தும் பனிக்கட்டியில் பொதிந்து அவை வந்து சேருகின்றன. வாங்குகிறவர் நண்டைப் புரட்டிப் பார்க்கிறார். கொடுக்கைத் தூக்கிப் பார்க்கிறார். அடிப்புறத்து ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறார். முகத்தின் முன்னே குட்டையான இரு காம்புகளின் நுனியில் கருமணிபோல் நிற்கும் கண்களை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. இன்றைய பேச்சு அந்தக் காம்பைப் பற்றியது.

கண் பார்ப்பதற்கு என்றே நாம் நினைக்கிறோம். நண்டு, இறால் ஆகியவற்றில் கண்ணைத் தாங்கும் காம்பின் உத்தியோகம் பார்வையோடு முடிந்துவிடுவதில்லை. அப்பிராணி எப்போது நிறம் மாற வேண்டும், எப்போது ஓட்டைக் கழற்ற வேண்டும், இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓட வேண்டும், எப்போது சூல் முதிர வேண்டும் என்பவற்றை நிர்ணயிக்கும் ஒரு சிறு அலுவலகம் அதனுள் இருக்கிறது. அவ்வலுவலகத்தின் முக்கியமான உத்தரவுகளில் பல ‘ஆகட்டும்’ என்பவை அல்ல, ‘பொறு’ என்பவை. இதை விஞ்ஞானிகள் கண்காம்பை வெட்டிப் பார்த்துத்தான் அறிந்தார்கள். அந்த வெட்டு இப்போது ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியேறி வியாபாரத்தில் புகுந்துவிட்டது. நாம் உண்பது வளர்ப்பு இறாலாயின், அதன் தாய் பெரும்பாலும் ஒரு கண்ணை இழந்த தாய். அந்த வெட்டு தவிர்க்கக் கூடியதுதானா என்ற கேள்விக்குப் போகுமுன், காம்பினுள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நமக்கு மூளை முழுவதும் மண்டையோட்டுக்குள் அடங்கிவிட்டது. நண்டுக்கோ, மூளையைச் சேர்ந்ததென்றே சொல்லத்தக்க ஒரு பகுதி கண்காம்புக்குள் நீண்டு வந்திருக்கிறது. காம்பின் ஓட்டை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால், கண்ணிலிருந்து உட்புறம் நோக்கி நரம்புத் திரட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணி கோத்தாற்போல் அமைந்திருப்பதைக் காணலாம். மூளைக்கு அணித்தான கடைசித் திரட்சியின் ஓரத்தில், நூறு முதல் இருநூறு வரையான பெரிய செல்கள் கொத்தாக இருக்கின்றன. இக்கொத்துக்கு எக்ஸ் உறுப்பு என்று பெயர். கணக்கில் தெரியாத தொகையை எக்ஸ் என்கிறோமே, அதுபோல இட்ட பெயர் போலும். இச்செல்களிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் காம்பின் நடுவிலுள்ள ஓர் இரத்தக் குழியின் சுவரை அடைந்து, அங்கே நுனி தடித்து முடிகின்றன. உயிருள்ள காம்பில் இவ்விடம் நீலம் கலந்த வெண்மையாய் மினுங்கும். இதற்குச் சைனஸ் சுரப்பி என்று பெயர். பெயரளவில் சுரப்பியே தவிர, இது தானாக எதையும் உண்டாக்குவதில்லை. எக்ஸ் உறுப்புச் செல்கள் செய்து அனுப்பும் சரக்கை இருப்பு வைத்து, வேளை வந்ததும் இரத்தத்தில் இறக்கிவிடும் பண்டகசாலை அது.

சரக்கைச் செய்கிற செல்கள் நரம்புச் செல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உடலில் செய்தி போவதற்கு இரண்டு வழிகள் உண்டென்று பழைய பாடப் புத்தகங்கள் சொல்லும். ஒன்று நரம்பு, அது தந்தி போன்றது. கம்பி எங்கே போகிறதோ அங்கே மட்டும், கண நேரத்தில் செய்தி போய்ச் சேரும். (நம் நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையோடு நின்றுவிட்டது, ஆயினும் உவமைக்கு அது இன்னும் உதவுகிறது.) மற்றொன்று ஹார்மோன், அதை இயக்குநீர் என்றும் சொல்வர். அது ஊரெங்கும் தண்டோரா போடுவதைப் போன்றது. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றும். கேட்கக் காதுள்ள உறுப்பு கேட்டுக்கொள்ளும். தந்தி ஆபீசில் வேலை செய்கிறவன் தண்டோராவும் போடுகிறான் என்று யாராவது சொன்னால் நம்புவது கடினமல்லவா? 1928இல் எர்ன்ஸ்ட் ஷாரர் என்னும் ஜெர்மானிய இளைஞர் ஒரு சிறு மீனின் மூளையில் அத்தகைய செல்களைக் கண்டு, இவை நரம்புச் செல்களாக இருந்துகொண்டே சுரப்பு வேலையும் செய்கின்றன என்றபோது, பலர் நம்பவில்லை. அவரும் அவர் மனைவி பெர்ட்டா ஷாரரும் பிராணி வகைகளைப் பங்கு போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்த பிறகே, நரம்புச் சுரப்பு என்ற கருத்து நிலைபெற்றது. அதற்குத் தெளிவான சாட்சி சொன்ன உறுப்புகளுள் நண்டின் கண்காம்பு ஒன்று.

வெட்டின் வரலாறு ஷாரருக்கும் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கர்ட் ஹெர்பஸ்ட் என்பவர் இறால் முதலியவற்றின் கண்ணைக் காம்போடு வெட்டிவிட்டுக் காத்திருந்தார். வெட்டிய கால் மறுபடி முளைப்பது போலக் கண்ணும் முளைக்குமா என்பது அவருடைய ஐயம். முளைத்தது; ஆனால் கண் முளைக்கவில்லை, கண் இருந்த இடத்தில் மீசை போன்ற ஓர் உணர்கொம்பு முளைத்தது! நரம்புத் திரட்சி உள்ளே மிஞ்சியிருந்தால் கண்ணும், அதுவும் போய்விட்டால் உணர்கொம்பும் முளைப்பதாக அவர் கண்டார். இந்த விந்தை இன்னும் முழுதும் விடுபடாத புதிர். 1905இல் அமெரிக்காவில் ஸெலனி என்பவர், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த உப்பங்கழி நண்டுகளின் கண்காம்பை அகற்றியபோது, அவை வழக்கத்தைவிட விரைவில் ஓடு கழற்றுவதைக் குறித்து வைத்தார். ஹார்மோன் என்ற சொல்லே அந்த 1905ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஸ்டார்லிங் என்பவரால் வழக்குக்கு வந்தது. ஆகவே ஸெலனி கண்டது ஒரு ஹார்மோன் இல்லாமற்போனதன் விளைவு என்று சொல்ல அன்று ஆளில்லை.

நிறமாற்றம்தான் முதலில் வழி திறந்தது. இறாலின் தோலில் நிறமிச் செல்கள் உள்ளன. அவற்றினுள் நிறத் துகள்கள் பரவி நின்றால் உடல் கருக்கும். நடுவில் குவிந்து ஒடுங்கினால் வெளுக்கும். கரிய தரையில் விட்ட இறால் கருப்பதும் வெள்ளைத் தட்டில் விட்ட இறால் வெளுப்பதும் இதனால்தான். 1928இல் பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கர் சிறிய இறால்களில் இதைப் பரிசோதித்தார். நரம்பை வெட்டினால் நிறமாற்றம் நிற்கவில்லை. இரத்தக் குழாயைத் துண்டித்தால் அதற்கப்பாலுள்ள பகுதியில் நின்றது. கண்காம்பை அகற்றிய இறால் கருத்தபடியே இருந்தது. வெளுத்த இறாலின் கண்காம்பைச் சாறு பிழிந்து அதன் உடலில் செலுத்தியபோது அதுவும் வெளுத்தது. உத்தரவு இரத்த வழியாகப் போகிறது, அது கண்காம்பிலிருந்து புறப்படுகிறது என்ற இரண்டும் இதனால் தெளிந்தன. ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ்ட்ரோம் காம்பினுள் சுரப்பிகளைத் தேடி வகைப்படுத்தினார். 1951ஐ ஒட்டிய காலத்தில் டாரதி பிளிஸ், பஸ்ஸானோ ஆகியோர் தனித்தனியே ஆராய்ந்து, எக்ஸ் உறுப்பும் சைனஸ் சுரப்பியும் ஒரே தொடரின் இரு முனைகள் என்று நிறுவினர். 1972இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெர்ன்லுண்டும் யோசஃப்சனும் வடகடல் இறாலின் கண்காம்புகளிலிருந்து வெளுக்கச் செய்யும் ஹார்மோனைப் பிரித்தெடுத்து, அது எட்டே அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி என்று காட்டினர். முதுகெலும்பற்ற பிராணிகளின் நரம்பு ஹார்மோன்களில் முதன்முதலில் முழு அமைப்பும் தெரிந்தது இதுவே.

கருக்கச் செய்யும் ஹார்மோன் வேறு. அதன் கதை நம்மைப் பெங்களூருக்கே கொண்டுவந்து விடுகிறது. ஆகையால் சற்று நின்று சொல்ல வேண்டும்.

மேற்சொன்ன உப்பங்கழி நண்டு பகலில் கருத்தும் இரவில் வெளுத்தும் இருக்கும் இயல்புடையது. இருட்டறையில் அடைத்து வைத்தாலும், பகல் எப்போது இரவு எப்போது என்று அறியாத நிலையிலும், அது வேளை தவறாமல் நிறம் மாறிக்கொண்டிருந்ததை 1948இல் பிரௌனும் வெப்பும் வெளியிட்டார்கள். உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு இது அக்காலத்திய பலமான சான்றுகளில் ஒன்று. கடற்கரைப் பிராணிகளுக்குச் சூரியனோடு ஏற்றவற்றத்தின் கணக்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எம். கே. சந்திரசேகரன், அலை புரளும் மணலில் புதைந்து வாழும் முட்டை வடிவான சிறு மணல் நண்டுகளை எடுத்துக்கொண்டார். கடலைவிட்டுப் பிரித்து ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்த பின்னும், அவற்றின் அசைவும் மூச்சும் கடலின் ஏற்றவற்ற நேரத்தையும் பகலிரவு நேரத்தையும் விடாமல் தொடர்ந்து ஏறியிறங்குவதை அளந்து 1965இல் ஒரு ஜெர்மானிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார். பின்னர் மதுரைக் காமராஜர் பல்கலைக்கழகத்தில் குகை வௌவால்களையும், வெளியுலகின் நேரம் தெரியாத தனியறையில் தங்கிய மனிதர்களையும் கொண்டு காலவுயிரியல் ஆராய்ச்சியை வளர்த்தார். பிற்காலத்தில் பெங்களூர் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றினார். அம்மையம் 1989இல் நிறுவப்பட்டது.

இனி ஹார்மோனுக்கு வருவோம். கருக்கச் செய்யும் ஹார்மோன் பதினெட்டு அமினோ அமிலங்களாலானது. உப்பங்கழி நண்டின் கண்காம்பிலிருந்து அதைப் பிரித்து, அமைப்பை 1985இல் வெளியிட்ட குழுவின் முதலாசிரியர் கே. ரங்கா ராவ். நண்டின் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஈயின் மூளைச் சீவல்களில் தடவியபோது, சில நரம்புச் செல்கள் மட்டும் பளிச்சென்று சாயமேறின. அவை வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு ஈயின் உடற்கடிகாரத்தை ஓட்டும் செல்களுள் சேர்ந்தவை என்று 1990களில் தெரியவந்தது. நண்டில் நிறமியைப் பரப்பும் பொருளின் உடன்பிறப்பு, ஈயில் கடிகாரச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் மொழியாக இருக்கிறது! அப்பொருளைச் செய்ய இயலாத ஈக்களை இருட்டில் வைத்தால், இரண்டொரு நாளில் அவற்றின் தூக்கமும் விழிப்பும் ஒழுங்கிழந்து போகின்றன என்று 1999இல் ஒரு கட்டுரை காட்டிற்று. அதன் ஆசிரியர்களுள் இருவரான ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும் 2017இல் உடற்கடிகார ஆராய்ச்சிக்காக நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஜக்கூரில் வாசு ஷீபா அவர்களின் ஆராய்ச்சிக்கூடம் இன்று ஆராய்வது ஈயின் இதே கடிகாரச் செல்களைத்தான். நண்டின் காம்பிலும் கடிகாரம் உண்டு. மெக்ஸிகோவில் 1977இல், உடலிலிருந்து பிரித்துத் தனியே உயிருடன் வைத்த நன்னீர்ச் சிங்கி இறாலின் கண்காம்பு, ஒளிக்குக் காட்டும் துடிப்பை அப்போதும் நாள் வேளைப்படி கூட்டியும் குறைத்தும் வந்ததைக் கண்டார்கள்.

ஆக, காம்பை வெட்டுகிறவன் ஒரு கண்ணை மட்டும் வெட்டவில்லை. கடிகாரத்தின் ஒரு பகுதியையும் வெட்டுகிறான். வேறு எவற்றையெல்லாம் வெட்டுகிறான் என்று பார்ப்போம்.

நண்டின் ஓடு வளராது, உடல் வளரும். எனவே பாம்பு சட்டை உரிப்பதுபோல் நண்டும் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். மார்புப் பகுதியிலுள்ள ஓர் இணைச் சுரப்பி இதற்கான ஹார்மோனைச் சுரக்கிறது. 1953இல் ஃபிரான்ஸ் நாட்டு காப் என்பவர் இதை விவரித்து ஒய் உறுப்பு என்றார். எக்ஸுக்கு அடுத்து ஒய் வந்தது இயல்பே. அது சுரக்கும் பொருளை ஆஸ்திரேலியாவில் ஹாம்ப்ஷயர், ஹார்ன் என்ற இருவர் 1966இல் தூய நிலையில் பிரித்தார்கள். ஒரு டன் சிங்கி இறால் கழிவிலிருந்து கிடைத்தது இரண்டு மில்லிகிராம்! பூச்சிகள் தோலுரிக்கப் பயன்படுத்தும் ஹார்மோனும் அதுவே என்பது பின்னர் உறுதியாயிற்று. இந்த ஒய் உறுப்பை எந்நேரமும் அடக்கி வைத்திருப்பது கண்காம்பிலிருந்து வரும் தடுப்பு ஹார்மோன். அது குறைந்தால்தான் ஒய் உறுப்பு வேலை தொடங்கும். ஓடு கழற்றிய நண்டு பகைவனுக்கு இலகுவான இரை. புதிய ஓடு இறுகும்வரை அதனால் கடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. எனவே தக்க வேளை வரும்வரை தடுத்து வைப்பதே அதற்குப் பாதுகாப்பு. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள் நம் ஊர்ப் பக்கம். ஓடு கழற்றும் சமயத்தில் மட்டும் எவ்வளவு கொழுத்த நண்டும் வளையை விட்டு அசையாது. சந்தையில் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதும் இதற்காகவே. அண்மையில் ஓடு கழற்றிய நண்டின் ஓடு அமுங்கும்; உள்ளே சதை குறைந்து நீர் கோத்திருக்கும்.

இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனும் காம்பிலேயே உள்ளது. இதை 1944இலேயே ஊகித்துவிட்டனர். 1989இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் கரையோர நண்டிலிருந்து எடுத்து, எழுபத்திரண்டு அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்தினர். ஓடு கழற்றுவதைத் தடுப்பதும், சூல் முதிர்வதைத் தடுப்பதும் இதற்கு உறவினர்களே. முகச்சாயல் அவ்வளவு ஒத்திருப்பதால் ஒருவர் வேலையை மற்றொருவரும் ஓரளவு பார்ப்பதுண்டு. ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய தலைவலி.

சூலுக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1943இல், பனூஸ் என்ற ஃபிரெஞ்சு விஞ்ஞானி முட்டையிடும் பருவமல்லாத காலத்தில் பெண் இறால்களின் கண்காம்பை அகற்றினார். சில நாட்களிலேயே அவற்றின் சூற்பைகள் பருத்து மஞ்சட்கரு நிறையத் தொடங்கின. பருவத்தை எதிர்பார்த்துச் சூலை அடக்கி வைக்கும் தடையும் காம்பில்தான் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது. முட்டைக்கு மஞ்சட்கரு சேர்ப்பது தாயின் கையிருப்பையெல்லாம் கரைக்கும் செலவு. ஒளி, வெப்பம், உணவு எல்லாம் கூடிவரும் வரை அச்செலவை ஒத்திவைப்பதற்கு இயற்கை வைத்த பூட்டு அது. பனூஸின் கண்டுபிடிப்பு முப்பது ஆண்டுகள் விலங்கியல் புத்தகங்களில் உறங்கிற்று என்றே சொல்ல வேண்டும்.

அதை எழுப்பியவர்கள் இறால் வளர்ப்போர். வரி இறாலும் வெள்ளை இறாலும் உப்பங்கழிக் குளங்களில் நன்றாக வளரும். ஆனால் அடைபட்ட நீரில் எளிதில் சூல் கொள்ளமாட்டா. குஞ்சு வேண்டுமென்றால் சினை இறாலைக் கடலில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கெண்டை மீன்களில் இதே இடர்ப்பாடு முன்பே இருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒடிஸாவில் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்நாளை மீன் வளர்ப்போர் நாளாக இன்றும் கொண்டாடுகிறோம். மீனுக்கு ஹார்மோனைக் கொடுத்தால் போதும். இறாலுக்கோ கொடுப்பதால் பயனில்லை. தடுத்துக்கொண்டிருப்பதை நீக்க வேண்டும். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எம். எஸ். முத்துவும் ஏ. லட்சுமிநாராயணாவும் கொச்சி அருகே நாரக்கல் என்ற ஊரில் கண்காம்பு நீக்கும் முறையை நம் நாட்டு இறால்களில் கையாண்டு, அவை சூல்கொண்டு முட்டையிட்டதை 1977இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஃபிலிப்பீன்ஸிலிருந்து வரி இறாலைப் பற்றிய செய்தியும் வந்தது. பிறகு கதவு திறந்தது. மரக்காணம் கடற்கரையோரம் நெடுக இன்று இருக்கும் குஞ்சு பொரிப்பகங்களும், நாகைப் பக்கத்துக் குளங்களும், ஆந்திரக் கடற்கரையின் பரந்த பண்ணைகளும் அந்தக் கதவு வழியே வந்தவையே. 2009இல் வெளிநாட்டு வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபின், தாய் இறால்கள் விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் நோய்ச் சோதனைக்காகத் தனித்து வைக்கப்பட்டுப் பண்ணைகளுக்குப் போகின்றன. இனம் மாறினாலும் வெட்டு மாறவில்லை.

முறை எளிது என்பதே அதன் பலம். ஓடு நன்கு இறுகிய தாய் இறாலைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓடு கழற்றிய புதிதில் வெட்டினால் செத்துவிடும். ஓடு கழற்றும் தறுவாயில் வெட்டினால் சூல் கொள்வதற்குப் பதில் ஓட்டைக் கழற்றும். காய்ச்சிய இடுக்கியால் காம்பை நசுக்குவார்கள், அல்லது கண்ணைக் கீறிப் பிதுக்குவார்கள், அல்லது நூலால் இறுகக் கட்டி விடுவார்கள். ஒரு பக்கம் மட்டுமே. இருபுறமும் வெட்டினால் தடைகளெல்லாம் ஒருங்கே போய்ப் பிராணி பிழைப்பது அரிது. ஒரு கண் போனால் தடுப்பு ஹார்மோன் பாதியாகக் குறையும், அது போதும். மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்திற்குள் சூல் முதிர்ந்து, ஓர் இரவில் இலட்சக்கணக்கான முட்டைகளை இறால் உதிர்த்துவிடும். பண்ணைக்காரருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு: எல்லாத் தாய்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முட்டையிடும். குஞ்சுக்கு முன்பணம் கொடுத்துக் காத்திருக்கும் குளத்துக்காரரிடம் தேதி சொல்ல முடியும்.

இனி செலவுக் கணக்கு. ஒரு தடையை நீக்குவதற்காக வெட்டுகிறோம். அதோடு சர்க்கரைக் கட்டுப்பாடும், ஓட்டுக் கட்டுப்பாடும், கடிகாரமும் பாதியாய்ப் போகின்றன. அடுத்தடுத்து முட்டையிடும் தாய் விரைவில் இளைக்கிறது. பிந்திய ஈடுகளில் முட்டையின் தரம் குறைகிறது. வெட்டாத தாய்களைவிட வெட்டிய தாய்கள் அதிகம் இறக்கின்றன. வலி உண்டா என்று கேட்பீர்கள். 2012இல் மெக்ஸிகோவில் நன்னீர் இறால்களைக் கவனித்தவர்கள், காம்பு வெட்டப்பட்டவுடன் அவை வாலை உதறுவதையும், வெட்டுண்ட இடத்தைக் காலால் தடவுவதையும், மரப்பு மருந்து இட்டால் அவை குறைவதையும் பதிவு செய்தார்கள். இங்கிலாந்தில் 2022இல் நிறைவேறிய விலங்கு நலச் சட்டம் நண்டையும் இறாலையும் உணர்வுள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம் நாட்டு 1960ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டமோ, மனிதனல்லாத எந்த உயிருள்ள ஜந்துவும் பிராணியே என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டது. அந்த வரையறைக்குள் இறாலும் அடங்கும். இறாலுக்காக ஒருவர் நீதிமன்றம் போவாரா என்பது வேறு விஷயம். விற்பனைப் பக்கத்திலிருந்தும் நெருக்கடி வருகிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை முறை வளர்ப்பு விதிகள் 2009இலிருந்தே கண்காம்பை வெட்டுவது, கட்டுவது, கீறுவது எல்லாவற்றையும் விலக்கியிருக்கின்றன.

வெட்டாமல் பூட்டைத் திறக்க இரண்டு வழிகள் தென்படுகின்றன. ஒன்று நுட்பமானது. சூலைத் தடுக்கும் ஹார்மோனைச் செய்யச் சொல்லும் உத்தரவுத் தாளை மட்டும் செல்லுக்குள்ளேயே கிழித்துவிடும் ஆர்.என்.ஏ. இழைகளைத் தாய் இறாலுக்கு ஊசி போடுவது. தாய்லாந்தின் மஹிதோல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வரி இறாலில் இம்முறையால் சூல் முதிர்ந்து முட்டையிடச் செய்தார்கள். கண் போகவில்லை, மற்றத் தடைகளும் போகவில்லை. ஆனால் ஓர் இடுக்கியின் விலையில் இது கிடைக்காது. கடற்கரைப் பொரிப்பகத்தில் நாள்தோறும் செய்யக்கூடிய வேலையாக இது ஆவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

மற்றது சாதாரணமானது, என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. பல தலைமுறைகளாகப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த வனாமி இறாலுக்கு அடைபட்ட நீர் அந்நியமல்ல. நல்ல தீவனமும், கலங்காத நீரும், ஒழுங்கான ஒளியும் கொடுத்தால் அதன் தடை தானாகவே தளர்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிமாவோ ஸகாரியாஸும் அவருடைய தோழர்களும் வெட்டிய தாய்களின் குஞ்சுகளையும் வெட்டாத தாய்களின் குஞ்சுகளையும் ஒருசேர நோய்க் கிருமிகளுக்கு உட்படுத்திப் பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். குஞ்சுகளை அழிக்கும் விப்ரியோ நோயையும், 1990களின் நடுவில் நம் கடற்கரைப் பண்ணைகளைச் சூறையாடிய வெண்புள்ளி நோயையும் தாங்குவதில் வெட்டாத தாயின் குஞ்சுகள் மேலாக நின்றன. ஆனால் ஓர் இரவில் முட்டையிடும் தாய்களின் எண்ணிக்கை வெட்டாத கூட்டத்தில் குறைவு. அதே அளவு குஞ்சு வேண்டுமானால் தாய் இறால்கள் அதிகம் வேண்டும். தொட்டிகளும் தீவனமும் அதற்கேற்பக் கூடும். அக்கூடுதல் செலவைப் பொரிப்பகத்தார் ஏற்பதா, நோயால் இழக்கும் குஞ்சு குறையுமாதலால் குளத்துக்காரர் ஏற்பதா என்ற பேரம் இப்போது நடக்க வேண்டியிருக்கிறது.